நெத்தலியின் பின்னந்தலை

என் வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக்கு முந்திய படமொன்று கையில் இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. இருந்தாலும் அது படக்கடையின் சீலைத் திரைக்கு முன்னால், இரவல் சப்பாத்தோடு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒரே ஒரு படமாக இருக்கும். நான் அப்படியில்லை. திருக்கோணமலையில் குண்டு விழுந்த அந்த வருஷம், மட்டக்களப்பு டவுனில் அரசாங்கக் கச்சேரித் துரையைவிட அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட ஆள் நான்தான். மீன் சந்தையில் நான், தோணித்துறையில் நான், தையல்கடை வாசலில் நான், சாராயத் தவறணைக்கு எதிரே கூட நான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு? ஒரே ஒரு குறை, அத்தனை படத்திலும் என் முகம் மங்கல். ஒன்றில் முகமே இல்லை, பின்னந்தலைதான். அந்தப் பின்னந்தலையின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எடுத்தது என் அக்கா. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. புளியந்தீவில், கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தவர். உலகச் சண்டை தொடங்கியதும் பட்டாளத்தில் சேர்ந்தார். கடல் கடந்து போவதற்கு முன்னால் எங்களைப் பார்க்க வந்தவர், ஒரு கறுப்புப் பெட்டிக் கமராவையும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பிலிம் சுருளையும் அக்காவின் மடியில் வைத்தார். நான் வரும்வரை இது உன் பொறுப்பு, பூட்டி வைக்காமல் பாவித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாமன் வாக்கு ஒரு படி மேலே. வீடும் வளவும் பெண்வழியில்தான் இறங்கும். ஆக, வீடு அம்மாவுடையது, கமரா மாமாவுடையது. கச்சேரியில் கிளாக்கராக இருந்த எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது கோபம் மட்டும்தான். குமர்ப்பிள்ளை ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரிவதாவது என்று அவர் குடையைத் தரையில் குத்துவார். அம்மா, தம்பி சொல்லிவிட்டுப் போனது என்பாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அந்தக் கமராவில் திருகிச் சரிசெய்ய ஒன்றுமே கிடையாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து, பக்கத்திலுள்ள நெம்பை அமத்த வேண்டியதுதான். ஏழெட்டு அடிக்கு அப்பால் நிற்பதெல்லாம் துலக்கமாக விழும். அதற்குக் கிட்ட நிற்பது மங்கிப்போகும். முதல் சுருளிலேயே அக்கா இதைக் கண்டுகொண்டாள். இன்னொன்றையும் கண்டுகொண்டாள். கமராவைத் தெருவுக்கு நேரே பிடித்தால் தெரு செத்துவிடும். ஆண்கள் மீசையைத் தடவிக்கொண்டு மரம்போல நிமிர்ந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏசினார்கள். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அன்றைக்குப் பாதி ஊர் நம்பியது. மற்றப் பாதி, இந்தக் குமரி ஏன் எங்களைப் பார்க்கிறாள் என்று கேட்டது.

அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி நான். தனியே போக விடமாட்டார்கள் என்பதால் எப்படியும் என்னைக் கூட்டிப் போகத்தான் வேண்டும். கூட்டிப் போய், தனக்கு இரண்டு எட்டு முன்னால், ஓரமாக, என் ஒரே வெள்ளைச் சட்டையோடு என்னை நிறுத்துவாள். தங்கச்சியைப் படம் எடுக்கிறன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வாள். சின்னப் பிள்ளையைத்தானே என்று தெரு தன் பாட்டுக்குப் போகும். தையல்காரர் நூலைப் பல்லால் கடிப்பார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்த தோணியில் நெல் மூட்டையை இறக்குகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். அந்த நேரம் பார்த்து அக்கா நெம்பை அமத்துவாள். முன்னால் மங்கலாக ஒரு வெள்ளைச் சட்டை, பின்னால் துலக்கமாக முழுத் தெரு. இதுதான் எங்கள் தொழில் ரகசியம். எங்கள் என்று சொல்வதை யாரும் மறுக்க வேண்டாம். வெயிலில் நின்றது நான்.

நிற்பது சும்மா வேலையல்ல. சுடுமணலில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு, மூக்கில் மொய்க்கிற இலையானைக் கலைக்காமல், அக்கா ஊம் என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். மண்ணெண்ணெய் வண்டி ஒரு மணம், கருவாட்டுக் கடை ஒரு மணம், வாவியிலிருந்து வரும் சேற்று மணம் வேறு. இன்றைக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தச் சந்தியில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். கோட்டைப் பக்கமும் கல்லடிப் பாலத்தடியிலும் மட்டும் போகமாட்டோம். அங்கே பட்டாளக்காரர் நின்றார்கள், கமராவைக் கண்டால் பறித்துவிடுவார்கள் என்று பேச்சு.

எங்கள் தந்திரத்தை அந்த ஊரில் ஒரே ஒருவர்தான் பிடித்தார். காத்தான்குடியிலிருந்து சாறன் துணி மூட்டையோடு வரும் வியாபாரி. ஒருநாள் அவரைப் பின்னால் வைத்து அக்கா என்னை நிறுத்தினாள். அவர் விலை பேசுவதை விடாமல், அக்காவைப் பார்க்காமலே, மெல்லச் சொன்னார்.

"மகள், பிள்ளைய கொஞ்சம் அங்கால தள்ளி நிப்பாட்டுங்க. என்ட மூட்டை மறையுது."

அக்கா என்னைத் தள்ளி நிறுத்தினாள். அவர் முகத்தில் ஒன்றுமே காட்டாமல் சாறனை விரித்து உதறிக்கொண்டு நின்றார். வீடு வந்து சேரும்வரை அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன், என்னைத் தள்ளி வைத்தது கொஞ்சம் வலித்தாலும்.

சுருள் முடிந்ததும் டவுனில் இருந்த படக்கடையில் கொடுப்போம். உள்ளே புளித்த காடி நாற்றம் அடிக்கும். கடைக்காரர் கழுவி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படங்களாகப் போட்டுத் தருவார். தரும்போது முகத்தைச் சுளிப்பார். ஒருநாள் அப்பாவை வழியில் மறித்து, உங்கள் மகளுக்குக் கை வராது ஐயா, ஆளை விட்டுவிட்டுச் சந்தியைப் பிடித்திருக்கிறா என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அப்பா எல்லாப் படத்தையும் மேசையில் பரப்பினார். அயல்வீட்டாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். பார்த்த எல்லாரும் என் மங்கல் முகத்தைத்தான் தேடினார்கள். ஒருவர்கூட எனக்குப் பின்னால் பார்க்கவில்லை. ஐயோ பாவம், பிள்ளைக்குக் கண்ணே இல்லையே என்றார்கள். கூடப் பிறந்த தங்கச்சியின் முகத்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லையே என்றார் அப்பா.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஓம் அப்பா, பழகிறன் என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினாள். சொன்னால் அடுத்த நாளே தெரு எங்களுக்குக் கதவை மூடிவிடும். தெருவுக்காக, படம் எடுக்கத் தெரியாதவள் என்ற பெயரை அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள். அவ்வளவு ரோஷக்காரி, இந்த ஒன்றில் மட்டும் எப்படிப் பொறுத்தாள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்பா கடைசியாக ஒரு தீர்ப்புச் சொன்னார். டின்னில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு சுருள். சண்டைக் காலத்தில் வேறு சுருள் கிடைக்கவும் மாட்டாது. அந்தச் சுருளிலும் பிள்ளையின் முகம் விழாவிட்டால், மாமா திரும்பி வரும்வரை கமரா படக்கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கட்டும். அம்மாவால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. பத்திரமாக என்ற சொல்லை அப்பா அவ்வளவு கெட்டித்தனமாகப் போட்டிருந்தார்.

இனி மீன்காரம்மா. ஆரையம்பதியிலிருந்து விடிய வெள்ளன வெளிக்கிட்டு, காத்தான்குடி தாண்டி, பாலம் தாண்டி, தலையில் ஓலைக் கடகத்தோடு நடந்தே வருவார். செல்வன், மணலை, திரளி, இறால் என்று அன்று வாவி கொடுத்தது எதுவோ அது கடகத்தில் இருக்கும். வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறையப் பேச்சு. அம்மா விலையைக் குறைக்கச் சொன்னால், அப்ப நீ போய் வலை வீசு என்பார். நான் அந்த நாளில் எலும்பும் தோலும். என்னைக் கண்டால் கடகத்துக்குள் எட்டிப் பார்த்து, இதுக்குள்ள இருந்து ஒரு நெத்தலி துள்ளி ஓடிற்று, இஞ்ச நிக்குது பார் என்பார். நான் நாக்கை நீட்டுவேன். அவர் சிரிப்பார். தினமும் இதே கூத்துத்தான், இருவருக்கும் அலுக்கவில்லை. நெத்தலி என்ற பெயர் தெருவெல்லாம் பரவி, பள்ளிக்கூடம் வரை வந்து சேர்ந்தது.

கமராவைக் கண்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிடும். முதல் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"அந்தப் பெட்டிய எனக்கு நேர பிடிக்காத புள்ள. ஆயுசு குறைஞ்சு போகும். ரெண்டு குமருகள கரைசேர்க்கக் கிடக்கு எனக்கு."

அக்கா சரி என்றாள். சொன்ன சொல்லை நேரே மீறவும் இல்லை. மாரி தொடங்க முந்தி ஒரு காலை, வாசல் கடப்படியில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு மீன்காரம்மா அம்மாவுடன் விலை பேசிக்கொண்டிருந்தார். அக்கா முற்றத்தில் என்னை நிறுத்தினாள். இது கடைசிச் சுருள், இந்த முறை முகம் ஒழுங்காக விழ வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். நானும் நல்ல பிள்ளையாகத்தான் நின்றேன். பின்னாலிருந்து மீன்காரம்மா, நெத்தலிக்குப் படமோ, பெட்டிக்குள்ள போய் வழுக்கி விழப்போகுது என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. சட்டென்று திரும்பி, முழு நாக்கையும் வெளியே நீட்டினேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கமரா க்ளிக் என்றது. என் முகத்தைப் பிடிக்க வேண்டிய படத்தில் என் பின்னந்தலை விழுந்தாயிற்று. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏசவில்லை. கண்ணாடிக்குள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு மாரி வந்தது. அந்த வருஷ மாரி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். வாவி ஏறி வீதி எது வாய்க்கால் எது என்று தெரியாமல் போயிற்று. மழையில் படம் எடுக்க முடியாது என்று சுருள் பாதியில் கமராவுக்குள்ளேயே கிடந்தது. மீன்காரம்மா வரவில்லை. வெள்ளம் வடிந்தால் வருவார் என்று அம்மா சொன்னாள். வெள்ளம் வடிந்து, தைப் பொங்கலும் கழிந்த ஒரு காலை, அதே கடகம் கடப்படியில் வந்து நின்றது. தூக்கி வந்தது அவருடைய மூத்த மகள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். அம்மா காய்ச்சலில் செத்துப்போயிட்டா என்று சொல்லிவிட்டு, மீனை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அன்றைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், இளையவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். உயிரோடு இருக்கும்போது படத்துக்குப் பயந்தவர்கள், செத்த பிறகு படக்கடைக்காரரை அழைப்பார்கள். பிரேதத்தைக் கதிரையில் இருத்தி, சுற்றிவர நின்று ஒரு படம் எடுப்பார்கள். கடைக்காரர் கழுவும்போது மூடிய கண்ணுக்கு மேல் திறந்த கண்ணை வரைந்து கொடுப்பார். எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்கு அந்த ஒரு படம்தான். மீன்காரம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆள் அனுப்பினார்களாம், வீதி வெள்ளத்தில் மூடியிருந்ததால் கடைக்காரர் வரவில்லையாம். மழைக்குள் வைத்திருக்க முடியாமல் அடக்கிவிட்டார்கள்.

மகள் இதையெல்லாம் அழாமல் சொன்னாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னது என் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

"தங்கச்சி இப்பவே அம்மாட முகம் மறந்து போகுது எண்டு அழுறாள். என்ன செய்யிற. ஆனா நீங்க நல்லவங்க. அம்மா வேணாமெண்டு சொன்னதக் கேட்டு எடுக்காம விட்டீங்க. எடுத்திருந்தா அதாலதான் போனா எண்டு சனம் சொல்லியிருக்கும்."

அக்காவின் முகம் வெளிறிப் போனது. மகள் போன பிறகும் கடப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே மிச்சச் சுருளை வெறுமனே சுற்றி முடித்து, படக்கடைக்குக் கொண்டு போனாள். அதில் இன்னும் நாலைந்து படம் எடுத்திருக்கலாம். கமராவைக் காப்பாற்ற அவளுக்கிருந்த கடைசி வாய்ப்பு அதுதான்.

படம் வந்தது. ஓரத்தில் என் பின்னந்தலை, ஒற்றைப் பின்னல், மங்கலாக ஒரு தோள். அதற்கு அப்பால், வெயிலில், கழுத்து நரம்பு தெரிய, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை கடக விளிம்பிலுமாக, வெற்றிலை வாயைத் திறந்து சிரிக்கிற மீன்காரம்மா. காதிலிருந்த தோட்டின் கல்லைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். உடனே அடுப்பைக் காட்டினாள். இதை அந்த வீட்டுக்குக் காட்டினால் பெட்டிதான் கொன்றது என்று ஊர் முழுக்கச் சொல்லும், ஒரு இடத்திலும் உனக்குக் கலியாணம் பேச முடியாது, இப்போதே எரித்துவிடு என்றாள். அக்கா படத்தைக் கொடுக்கவில்லை. ஆரையம்பதிக்குப் போகப்போறன் என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் இழுபட்டுக்கொண்டிருக்க, அப்பா வேலையால் வந்தார். படத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மாதக் கணக்காக அம்மாவுடன் விலைக்கு மல்லுக்கட்டிய மனிசி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா பழைய படங்களையெல்லாம் எடுத்து வரச் சொன்னார். மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். இந்த முறை அவர் விரல் என்மேல் நிற்கவில்லை. என்னைத் தாண்டி, பின்னால் போனது. தையல்காரர், தோணிக்காரர், சாறன் மூட்டை, சந்தியில் சண்டை பிடிக்கிற இரண்டு மாட்டு வண்டிக்காரர். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்குப் படம் எடுக்கத் தெரியாதெண்டு நான் கச்சேரி முழுக்கச் சொல்லிப்போட்டன்" என்றார்.

அக்கா கமராவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முகம் விழவில்லையே, தீர்ப்பின்படி அது படக்கடைக்குப் போக வேண்டியதுதானே. அப்பா அதை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார். நாளைக்கு லீவு போடுறன், நான் கூட்டிக்கொண்டு போறன் என்றார். அம்மா, தம்பி சொல்லிவிட்டுப் போனது இதற்கில்லை என்று தொடங்கினாள். அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவின் பேச்சை இடையில் நிறுத்தினார். உன் தம்பி இங்கே இருந்தால் அவனும்தான் போயிருப்பான் என்றார்.

பஸ்ஸில் போனோம். அக்கா படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஆரையம்பதியில் வாவிப் பக்கமாக, கிடுகு வேலிக்குள் கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம். மீன்காரம்மாவின் தமையனார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மகள்கள் இருவரும் வெளியே வந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அக்கா உட்காரவில்லை.

"உங்கட அம்மா எடுக்க வேணாமெண்டு சொன்னவ. நான் கேளாம எடுத்தன். மாரிக்கு முந்தி எடுத்தது. ஏசுறதெண்டா என்னை ஏசுங்க, இவங்களை ஒண்டும் சொல்லாதீங்க. படம் உங்கட."

துணியை விரித்தாள். மூத்த மகள் கையை நீட்டவில்லை. பின்னால் ஒதுங்கினாள். வலை பொத்துகிற ஊசி நின்றுவிட்டது. தமையனார்தான் எழும்பி வந்து படத்தை வாங்கினார். தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை ஓரத்துக்குக் கொண்டு போனார். முன்னுக்கு நிற்கிற சின்னப்பிள்ளை யார் என்று கேட்டார். அக்கா என்னை முன்னால் விட்டாள்.

"இந்தப் புள்ளைய வேற படத்திலயும் எடுத்ததா?"

"எல்லாப் படத்திலயும் இவதான்" என்றாள் அக்கா.

அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வயிற்று வலி? மாங்காய் தின்று ஒருமுறை என்றேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

"மெலிவுதான், ஆனா உசாராத்தான் நிக்கிறா" என்றார். மருமக்கள் பக்கம் திரும்பினார். "பெட்டியில குற்றமில்ல. ஒங்கட அம்மாட காலம் அவ்வளவுதான்."

என் வாழ்நாளில் நான் எத்தனையோ இடத்தில் சாட்சி சொல்லியிருக்கிறேன். வாதாடாமல், நிற்பதையே சாட்சியாக வைத்து ஒரு வழக்கை வென்றது அன்று மட்டும்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் மூத்த மகள் படத்தை வாங்கினாள். பார்த்தாள். தங்கையை இழுத்துக் காட்டினாள். அம்மா சிரிக்கிறா என்றாள், அவ்வளவுதான், இருவரும் முற்றத்தில் இருந்து அழத் தொடங்கிவிட்டார்கள். செத்த செய்தியைக் கண்ணீரில்லாமல் சொன்ன பிள்ளை, அன்றைக்குச் சேர்த்து அழுதாள். அக்காவும் அழுதாள். அப்பா வேலிப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அழுது ஓய்ந்ததும் அக்கா, படத்தைச் சட்டம் போடுவதென்றால் தங்கச்சியின் பக்கத்தை வெட்டித் தருகிறேன் என்றாள். கத்தரிக்கோல்கூடக் கொண்டு வந்திருந்தாள். மூத்த மகள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வெட்ட வேணாம். இவவப் பாத்துத்தானே அம்மா சிரிக்கிறா. இவவ வெட்டினா ஆருமில்லாத இடத்தப் பாத்துச் சிரிச்ச மாதிரியெல்லோ கிடக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில், காத்தான்குடியில் சாறன் வியாபாரி ஏறினார். அப்பாவுக்கு அவரை அதற்கு முன் தெரியாது. படத்தில் பார்த்த முகம் என்பதால் தெரிந்துவிட்டது. உங்களை என் மூத்த மகள் எடுத்திருக்கிறா, அருமையான படம் என்றார். பஸ் முழுவதற்கும் கேட்கத்தான் சொன்னார். அக்காவுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று கச்சேரிக்குச் சொன்ன அதே வாய், அன்றிலிருந்து தெருத்தெருவாக வேறு கதை சொன்னது. கேட்டுக் கேட்டு எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் பிடித்திருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அம்மாவுக்கு நிம்மதி. ஆண்டுத் திவசத்துக்கு அப்பா போய் வந்து, படம் நல்ல சட்டம் போட்டுச் சுவரில் இருக்கிறது, மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள் என்றார். அம்மா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் தலைக்கு மேல் மாலையா? செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எனக்கு நாவூறு கழித்தாள். போய்ப் படத்தை வாங்கி என்னை வெட்டி எடுத்து வா என்று அக்காவிடம் சண்டை பிடித்தாள். அக்கா முடியாது என்றாள், அப்பாவும் முடியாது என்றார். அம்மா கடைசியில் கண்ணகை அம்மனிடம் போய்விட்டாள். வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு வருஷம் தவறாமல் என் பெயரில் ஒரு நேர்த்தி. ஒவ்வொரு வருஷமும் நான் ஒரு அங்குலம் வளர்ந்து நின்றபோது, அம்மன் காப்பாற்றினா என்பாள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அவளை நினைக்கப் பாவமாகவும் இருக்கும்.

சண்டை முடிந்து மாமா வந்தார், ஒரு காது கேளாமல். நடந்ததையெல்லாம் மற்றக் காதால் கேட்டுவிட்டு, கமரா இனி உனக்கே என்று அக்காவிடம் சொன்னார். பிறகு பிலிம் கிடைத்தது, அக்கா கலியாணத்துக்குப் பிறகும் எடுத்தாள். அத்தானுக்கும் முன்னால் நின்று மங்கும் வேலை கிடைத்தது. பின்னொரு பெருவெள்ளத்தில் கமராவும், பிஸ்கட் டின்னோடு சுருள்களும், மேசை இலாச்சியிலிருந்த படங்களும் போய்விட்டன. தோல் வார் மட்டும் வேலியில் சிக்கிக் கிடந்தது. அக்காவும் இப்போது இல்லை. அவள் கண்ட அந்தத் தெருவில் மிஞ்சியது ஆரையம்பதிச் சுவரில் இருக்கிற ஒன்றுதான்.

சுனாமி என்று கடல் ஏறி வந்த வருஷத்துக்குப் பிறகு, அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது அந்த வீட்டைத் தேடிப் போனேன். கிடுகு வேலி மதிலாகியிருந்தது. மூத்த மகளும் காலமாகிவிட்டார். அவருடைய பேத்தி, பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற பிள்ளை, என்னை யாரென்று தெரியாமலே உள்ளே அழைத்துக் கதிரை தந்தாள். நான் சுவரையே பார்ப்பதைக் கண்டு விளக்கம் சொன்னாள்.

"அது எங்கட பூட்டி, அம்மம்மாட அம்மா. கடல் வந்த நேரம் அம்மா நகை நட்டு ஒண்டும் எடுக்கல்ல, இதத்தான் தூக்கிக்கொண்டு ஓடினவ. முன்னுக்கு நிக்கிறது பூட்டிட கடைசிப் புள்ளையாம். நெத்தலி எண்டு கூப்பிடுறதாம். பாவம், சின்னதிலேயே செத்துப்போச்சாம். அதுக்கும் சேர்த்துத்தான் மாலை."

புது மல்லிகை மாலை, பின்னந்தலையையும் சிரிப்பையும் சுற்றி ஒன்றாகத்தான் போட்டிருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக எனக்கு மாலை விழுந்திருக்கிறது, விளக்கு எரிந்திருக்கிறது. அம்மா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பாள். நான் அந்தப் பிள்ளையைத் திருத்தவில்லை. மீன்காரம்மாவின் கடைசிப் பிள்ளை என்பதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யார் தரப்போகிறார்கள்?

அவள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, படத்துக்குக் கிட்டப் போய் நின்றேன். இத்தனை வருஷம் அந்தப் படத்தைக் கும்பிட்டவர்கள் ஒருவருக்கும் அவர் எதைக் கண்டு சிரித்தார் என்று தெரியாது. அங்கும் இங்கும் பார்த்தேன். ஒருவருமில்லை. முழு நாக்கையும் வெளியே நீட்டினேன்.